நரம்பு நோயாளியும் மருத்துவமனை உணவும்

கொல்கத்தாவின் தென்பகுதியான பவானிபூரில் சம்புநாத் பண்டிட் தெரு உள்ளது. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் 1863-ஆம் ஆண்டு நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. மேற்கு வங்க அரசின் பாங்கூர் நரம்பியல் நிறுவனம் அத்தெருவில்தான் அமைந்துள்ளது. அருகிலுள்ள சேட் சுக்லால் கர்னானி நினைவு மருத்துவமனையோடு அது இணைந்து இயங்குகிறது. அம்மருத்துவமனையின் பழைய பெயர் பிரசிடென்சி பொது மருத்துவமனை. மக்கள் இன்றும் அதனைப் 'பி.ஜி.' என்றே சுருக்கமாக வழங்குகின்றனர்.

பக்கவாதம், தலைக்காயம், மூளை உறைக் காய்ச்சல், வலிப்பு, நடுக்குவாதம் முதலிய நோய்களால் தாக்குண்டோர் இத்தகைய நரம்பியல் நிறுவனங்களை நாடி வருகின்றனர். கொல்கத்தா மாநகரில் 52,377 பேரைக் கொண்ட மக்கள் தொகுதி ஒன்றில் பக்கவாதம் பற்றி விரிவான ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2007-இல் வெளியாயின. வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்டபோது, ஆண்டுதோறும் இலட்சம் பேரில் ஏறத்தாழ 145 பேர் புதிதாகப் பக்கவாதத்துக்கு ஆளாவதாகவும், அவ்வாறு ஆளானோரில் 41 விழுக்காட்டினர் 30 நாள்களுக்குள் இறந்துவிடுவதாகவும் அவ்வாய்வு கண்டது. இவ்வளவு பேர் இறப்பதற்குக் காரணங்கள் பல. மருத்துவமனையை அடைவதில் ஏற்படும் தாமதம், கட்டுப்படுத்தப்படாத இரத்த அழுத்தம், மூளையில் இரத்தக் கசிவு ஆகியவை பற்றி மருத்துவர்கள் விரிவாகப் பேசுகின்றனர். நோயாளி அந்த முப்பது நாள்களில் என்ன உண்டார், எவ்வளவு உண்டார், அவரது எடை எவ்வளவு குறைந்தது என்ற வினாக்கள் அந்த அளவுக்கு எழுவதில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய குறை அன்று. 1974-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பட்டர்வொர்த், மருத்துவமனையின் அலமாரிக்குள் ஓர் எலும்புக்கூடு ஒளிந்திருக்கிறது என்னும் பொருள்படத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். செல்வம் மிக்க நாட்டின் மருத்துவமனைகளிலேயே நோயாளிகள் சிகிச்சையின் நடுவில் பட்டினியால் மெலிகின்றனர் என்பதும், உயரமும் எடையும்கூடக் குறிக்கப்படுவதில்லை என்பதும் அவரது குற்றச்சாட்டு. இருபது ஆண்டுகள் கழித்து, 1994-இல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 500 நோயாளிகளை ஆராய்ந்தபோது அவர்களில் 200 பேர் மருத்துவமனையில் சேரும்போதே ஊட்டக்குறைவுடன் இருந்தனர். அந்த 200 பேரில் பாதிக்கும் குறைவானவர்களின் ஏடுகளில்தான் உணவுநிலை பற்றி ஏதேனும் குறிப்பு இருந்தது. வீடு திரும்பும்போது மீண்டும் எடை பார்க்கப்பட்ட 112 பேர் சராசரியாக 5.4 விழுக்காடு எடை இழந்திருந்தனர்.

விழுங்குதல் என்னும் செயல்

பிற நோயாளிகளைவிட நரம்பு நோயாளிக்கு இவ்விடர் மிகுதியாக இருப்பதற்கு முதற்காரணம், அவரால் விழுங்க இயலாமற் போவதே. ஒரு கவளம் சோற்றை விழுங்குவது எளிய செயலாகத் தோன்றினாலும், வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகியவற்றைச் சேர்ந்த பல தசைகள் ஓரிரு நொடிகளில் ஒழுங்கு தவறாது இயங்கியாக வேண்டும். குரல்வளை மேலெழுந்து மூச்சுக்குழல் மூடிக்கொள்ளும் அந்நேரத்திலேயே உணவுக்குழல் திறக்க வேண்டும். மூளைத்தண்டிலோ பெருமூளையிலோ ஏற்படும் சேதம் இவ்வொழுங்கைக் குலைத்துவிடுகிறது.

பக்கவாத நோயாளிகளில் எத்தனை பேருக்கு இக்குறை உண்டு என்பது, அதனை எவ்வாறு தேடுகிறோம் என்பதைப் பொறுத்துள்ளது. 2005-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, படுக்கையருகில் செய்யும் எளிய சோதனையில் 37 முதல் 45 விழுக்காட்டினரிடமும், தேர்ந்தவர்கள் முழுமையாகச் சோதிக்கும்போது 51 முதல் 55 விழுக்காட்டினரிடமும், ஊடுகதிர்ப் படம் முதலிய கருவிகளைக் கொண்டு ஆராயும்போது 64 முதல் 78 விழுக்காட்டினரிடமும் அது காணப்பட்டது. கண்ணால் மட்டும் பார்ப்பவர் பலரைத் தவறவிடுகிறார் என்பது இதனால் பெறப்படும். விழுங்கற்குறை உள்ளவர்க்கு நுரையீரல் அழற்சி வரும் வாய்ப்பு மும்மடங்கு. உணவு மூச்சுக்குழலுக்குள் இறங்குவது உறுதிப்பட்டவர்க்கோ பதினொரு மடங்குக்கு மேல். இன்னொரு செய்தியும் நினைவில் இருத்தற்குரியது. தொண்டையின் உணர்வு மரத்தவர்களுக்கு உணவு தவறான வழியில் இறங்கினாலும் இருமல் வருவதில்லை. புரையேறவில்லை என்பதால் எல்லாம் செவ்வனே நடக்கிறது என்று குடும்பத்தினர் எண்ணிவிடுகின்றனர்.

நோயாளிக்கு எவை எளிய உணவு என்ற நமது மரபுக் கருத்தே இங்கு இடையூறாகிறது. வங்காளத்தில் நோயுற்றோர்க்குச் சாபு எனப்படும் சவ்வரிசிக் கஞ்சியும் பார்லித் தண்ணீரும் தருவது நெடுநாள் வழக்கம். தமிழகத்தில் அவ்விடத்தைப் பிடித்திருப்பது வடித்த கஞ்சி. காய்ச்சல்காரருக்கு இவை ஏற்றவையாக இருக்கலாம். விழுங்கற்குறை உள்ள நரம்பு நோயாளிக்கோ எல்லாவற்றிலும் கடினமானது தண்ணீர்தான். நீர்த்த பொருள் விரைந்து ஓடுகிறது. குரல்வளை மூடிக்கொள்வதற்கு முன்பே அது மூச்சுக்குழலை எட்டிவிடுகிறது. குழைய வேகவைத்து மசித்த சோறும், கட்டித் தயிரும், பருப்புடன் மசித்த காயும் அவருக்கு எளிதாக இறங்கும். பொரி உதிர்ந்து சிதறும். மீன் குழம்போ முள்ளும் சாறும் கலந்த இரட்டை இடர். வங்காளத்தில் நோயாளியின் தட்டிலிருந்து மீனை விலக்கச் சொன்னால் வீட்டார் மனம் ஒப்பமாட்டார்கள். முள் நீக்கி மசித்துத் தரச் சொன்னால் ஒப்புவார்கள், புரதமும் வீணாகாது.

சொட்டு நீரின் கணக்கு

விழுங்க இயலாதவருக்கு நரம்பு வழியே திரவம் ஏற்றப்படுகிறது. 'குளுக்கோஸ் ஏறுகிறது' என்று சொல்லி உறவினர் ஆறுதல் அடைகின்றனர். அதன் கணக்கைச் சற்றே போட்டுப் பார்க்கலாம். 5 விழுக்காட்டுக் குளுக்கோஸ் கரைசல் ஒரு லிட்டரில் உள்ள குளுக்கோஸ் 50 கிராம். அதிலிருந்து கிடைப்பது 200 கலோரிக்கும் குறைவு. நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் ஏற்றினாலும் 400 கலோரியைத் தாண்டாது. புரதம் ஒரு கிராம்கூட இல்லை. பக்கவாத நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை கூடுதல் தீங்கு என்பதால் பெரும்பாலும் உப்புக் கரைசலையே ஏற்றுகின்றனர். மருத்துவ முறைப்படி அது சரியே. ஆனால் அதிலுள்ள கலோரி சுழியம்.

50 கிலோ எடையுள்ள நோயாளி ஒருவருக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி வீதம் நாள்தோறும் 1,250 முதல் 1,500 கலோரியும், 50 முதல் 60 கிராம் புரதமும் தேவை. ஒரு வாரம் உப்புக் கரைசலிலேயே கழிந்தால் ஏறத்தாழ 9,000 கலோரி அளவுக்குப் பற்றாக்குறை சேர்ந்துவிடுகிறது. உடல் அதனைத் தன் கொழுப்பிலிருந்தும் தசையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். மூச்சை இழுத்து விடவும், சளியை இருமித் துப்பவும், நாளை எழுந்து நடக்கவும் வேண்டிய தசைகளும் அவற்றுள் அடங்கும்.

மூக்குவழிக் குழாய் பொருத்திய பின்பும் இக்கணக்கு தானாகச் சரியாகிவிடுவதில்லை. ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் அரிசி சேர்த்துக் காய்ச்சி வடித்த கஞ்சியில் இருப்பது அதிகம் போனால் 175 கலோரியும் மூன்றரை கிராம் புரதமுமே. குழாயில் அடைத்துக்கொள்ளுமோ என்ற அச்சத்தால் அதனை மேலும் நீர்த்து ஊற்றுவது பல இடங்களிலும் காணும் வழக்கம். மாறாக, அரை லிட்டர் பால், 50 கிராம் கொழுப்பு நீக்கிய பால்தூள், 50 கிராம் சர்க்கரை, 40 கிராம் வறுத்த தானிய மாவு, நான்கு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைக் காய்ச்சி, அரைத்து, வடிகட்டி ஒரு லிட்டராக்கினால் அதில் ஏறத்தாழ 1,000 கலோரியும் 36 கிராம் புரதமும் கிடைக்கின்றன. ஊற்றும் அளவு ஒன்றே. ஊட்டம் ஐந்து மடங்குக்கு மேல். நீரிழிவு, சிறுநீரக நோய், பால் ஒவ்வாமை உள்ளவர்க்கு இக்கலவையை மாற்றியமைக்க வேண்டும்; ஆகவே உணவு வல்லுநரின் பொறுப்பிலேயே இது தயாரிக்கப்படுதல் வேண்டும். கைத்தூய்மையும் உடனுக்குடன் பயன்படுத்துதலும் தவறினால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

நோய்க்கு நோய் வேறுபாடு

நடுக்குவாத நோயாளி மெலிவதற்குக் காரணம் வேறு. ஓயாத நடுக்கத்தாலும் தன்னியல்பற்ற அசைவுகளாலும் சக்தி செலவாகிறது, மோப்பம் மங்குவதால் உணவில் விருப்பம் குறைகிறது, மலச்சிக்கல் வாட்டுகிறது. அவர் உட்கொள்ளும் லெவோடோபா மருந்தும் உணவுப் புரதமும் குடலில் ஒரே பாதையில் போட்டியிடுகின்றன. அதனால் மருந்தை உணவுக்கு அரைமணி முன்னதாகத் தருவது வழக்கம். 'புரதத்தைக் குறைக்க வேண்டும்' என்று இதனைத் தவறாகப் புரிந்துகொண்டு பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்திவிடும் குடும்பங்களும் உண்டு. மாற்ற வேண்டியது நேரத்தை மட்டுமே.

தலைக்காயம் பட்டவர் அசைவின்றிக் கிடந்தாலும் அவரது உடல் இயல்பைவிட மிகுதியாகச் சக்தியைச் செலவிடுகிறது. இக்கூடுதல் பல அளவீடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடாக இருந்துள்ளது. ஐந்தாம் நாளுக்குள், மிகவும் தாமதமானால் ஏழாம் நாளுக்குள், அடிப்படைத் தேவையளவு உணவு சென்றடைய வேண்டும் என்று மூளைக்காயச் சிகிச்சைக்கான அமெரிக்க நெறிமுறைகள் கூறுகின்றன. இயக்க நரம்பணு நோயில் தசை தேய்வதோடு விழுங்கலும் கெடுகிறது. தென்னிந்திய இளைஞர்களிடம் காணப்பட்ட, முகத்தசைத் தளர்ச்சியும் காது கேளாமையும் சேர்ந்த ஒரு வகையை 1970-இல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்தனர். 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' என்ற பெயரில் உலக மருத்துவ நூல்களில் அது இடம்பெற்றுள்ளது. தொண்டைத் தசைகளும் அதில் பாதிக்கப்படுவதால், நோயோடு பல்லாண்டு வாழும் அவ்விளைஞர்களுக்கு உணவு ஊட்டுதல் நீண்டகாலப் பணியாகிறது.

மருந்துகளும் இவ்விடரில் பங்குகொள்கின்றன. வலிப்புக்குத் தரும் பெனிடாயின் குழாய் உணவோடு சேர்ந்தால் இரத்தத்தில் ஏறுவது குறைகிறது. நீண்டநாள் பயன்படுத்துவோர்க்கு ஃபோலிக் அமிலமும் உயிர்ச்சத்து 'டி'யும் குறையக்கூடும். காசநோய் மூளை உறைக் காய்ச்சலுக்குத் தரும் ஐசோனியசிட், உயிர்ச்சத்து பி-6-ஐக் குறைத்து நரம்புகளைத் தாக்கும்.

உணவே நோய்க்குக் காரணமாதல்

வங்காளத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் உணவுக்கும் நரம்புக்கும் உள்ள உறவு இரு திசையிலும் செல்வது. கேசரிப் பருப்பை முதன்மை உணவாக உண்டவர்களுக்குக் கால்கள் விறைத்து முடங்கியமை நாடறிந்தது. 1988-இல் கொல்கத்தாவின் பெஹாலாவில் சமையல் எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்னும் தொழிற்சாலை இரசாயனம் கலந்ததால் நூற்றுக்கணக்கானோர் கைகால் செயலிழந்தனர். தயாமின் எனப்படும் உயிர்ச்சத்து பி-1 குறைந்தவர்க்கு மனக்குழப்பமும் கண்ணசைவுத் தடையும் தள்ளாட்டமும் தோன்றும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கோ மது மிகுதியாக அருந்துபவருக்கோ தயாமின் கொடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் இந்நிலை திடீரென முற்றிவிடக்கூடும். சில ரூபாய் விலையுள்ள ஓர் ஊசி நிலையான மறதிநோயைத் தடுக்கிறது.

நெடும்பட்டினிக்குப் பின் உணவைப் பெருக்கிக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். திடீரென மாவுச்சத்து சேரும்போது இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயம் தடுமாறும். 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட 'வங்கப் பஞ்சக் கலவை' என்னும் பால்தூள், சர்க்கரை, மாவு கலந்த உணவை 1945-இல் ஜெர்மனியின் பெல்சன் வதைமுகாமில் மீட்கப்பட்டோர்க்கும் பிரிட்டிஷ் மருத்துவர்கள் கொடுத்தனர். அதன் அளவுகடந்த இனிப்பை அம்மக்களில் பலரால் உண்ண முடியவில்லை. ஓரிடத்துப் பசியை ஆற்ற வகுத்த கலவை மற்றோரிடத்து நாவுக்கு ஒவ்வவில்லை. ஆகவே, பல நாள் உண்ணாதவர்க்குத் தேவையில் ஒரு பகுதியளவில் தொடங்கி, இரத்த உப்புக்களைச் சோதித்தவாறே நான்கைந்து நாள்களில் முழு அளவுக்கு உயர்த்துவதே முறை.

இடரைக் கண்டறியும் முறை

எழுந்து நிற்க இயலாதவரை எவ்வாறு எடைபார்ப்பது என்ற வினாவிலேயே பல இடங்களில் முயற்சி நின்றுவிடுகிறது. படுக்கையோடு எடைபார்க்கும் கருவி விலை மிக்கது. ஆனால் ஓர் அளவுநாடா எங்கும் கிடைக்கும். முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளந்து, அதற்கென உள்ள அட்டவணையைக் கொண்டு உயரத்தைக் கணிக்கலாம். நடுக்கையின் சுற்றளவு 23.5 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் உடல் நிறைக் குறியீடு 20-க்குக் கீழ் இருக்கக்கூடும் எனக் கொள்ளலாம்.

பிரிட்டனில் 2003-இல் வகுக்கப்பட்ட மதிப்பெண் முறை எளியது. குறியீடு 18.5-க்குக் கீழ் எனில் 2, 18.5 முதல் 20 வரை எனில் 1. மூன்று முதல் ஆறு திங்களில் தன்னையறியாது 10 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்திருந்தால் 2, 5 முதல் 10 வரை எனில் 1. கடும் நோயால் ஐந்து நாளுக்கு மேல் உணவு செல்லாதிருந்தாலோ செல்லாது என எதிர்பார்த்தாலோ 2. கூட்டுத்தொகை 2 அல்லது அதற்கு மேல் என்றால் பேரிடர். இதன்படி, வந்த நாளிலேயே மயக்கத்தில் கிடக்கும் கொழுத்த உடலினரும் பேரிடர்ப் பட்டியலில் சேர்வார். இது பலருக்கு வியப்பாகலாம். பருமன் ஒருவரைப் பட்டினியிலிருந்து காப்பதில்லை.

எழுபதுகளில் எழுதப்பட்ட பாடநூல்கள் இரத்த ஆல்புமினை ஊட்டநிலையின் அளவுகோலாகக் கொண்டன. அழற்சி எதுவாயினும் ஆல்புமினைக் குறைத்துவிடும் என்பது பின்னர்த் தெளிவாகியது. 2019-இல் பன்னாட்டு வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட வரையறையில் அதற்கு இடமில்லை; எடையிழப்பு, உடல் நிறைக் குறியீடு, தசைக்குறைவு ஆகியவற்றில் ஒன்றும், உணவுக் குறைவு அல்லது நோய் அழற்சி என்னும் காரணங்களில் ஒன்றும் சேர்ந்திருப்பதே ஊட்டக்குறைவு.

சான்றுகள் கூறுவது

பக்கவாத நோயாளிகளின் உணவு பற்றிய மிகப்பெரிய சோதனை 2005-இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. அதில் சேர்ந்த 3,012 பேரைப் பற்றிய முன்னாய்வில், தொடக்கத்திலேயே ஊட்டக்குறைவு இருந்தவர்களில் 37 விழுக்காட்டினரும், இயல்பான நிலையில் இருந்தவர்களில் 20 விழுக்காட்டினரும் ஆறு திங்கள் முடிவிற்குள் இறந்திருந்தனர். ஆயினும் 4,023 பேருக்கு நடந்த பகுதியில், எல்லாருக்கும் ஒரே சீராகக் கூடுதல் ஊட்ட பானம் தந்ததில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை. இம்முடிவை அப்படியே இங்கே பெயர்த்து நடுவது சரியன்று. அச்சோதனையில் ஊட்டக்குறைவு உடையோர் 8 விழுக்காட்டினரே. இந்தியாவிலோ, 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 18.7 விழுக்காட்டினரும் ஆண்களில் 16.2 விழுக்காட்டினரும் மெலிந்த உடலினர். எல்லாருக்கும் விலையுயர்ந்த ஊட்டத்தூள் வாங்குவதில் பொருளில்லை; இடர் உள்ளவரைத் தேர்ந்து அவருக்கு ஊட்டுவதிலேயே பொருளுண்டு என்பதே அச்சோதனையிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011-இல் வெளியான சோதனை நிர்வாகிகளுக்கு இன்னும் பயனுள்ளது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் ஆகிய மூன்றையும் செவிலியரே நெறிமுறைப்படி கவனித்த பிரிவுகளில், 90 நாள் முடிவில் இறந்தோரும் பிறர் உதவியை எதிர்பார்த்து வாழ்வோரும் சேர்ந்து 42 விழுக்காடு. பழைய முறையைத் தொடர்ந்த பிரிவுகளில் 58 விழுக்காடு. புதிய மருந்தோ கருவியோ அதில் கையாளப்படவில்லை. செவிலியருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. யார் எதைச் செய்ய வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டது.

விடுதியில் செய்யத்தக்கவை

நம் மருத்துவமனைகளில் நோயாளிக்கு ஊட்டுபவர் பெரும்பாலும் செவிலியர் அல்லர். மகளோ, மனைவியோ, கொல்கத்தாவில் 'ஆயா' என்று கூலிக்கு அமர்த்தப்படும் பெண்ணோதான். படுத்த நிலையில் உணவு கொடுத்தல் கூடாது, தலைப்பகுதி குறைந்தது 30 பாகை உயர்ந்திருக்க வேண்டும், ஊட்டியபின் அரைமணி நேரம் அவ்வாறே வைத்திருக்க வேண்டும் என்பவற்றை அவரிடம் சொல்லாமல் மருத்துவரின் ஏட்டில் மட்டும் எழுதுவதால் பயனில்லை. உணவின் தடிப்பைச் சோதிக்க ஊசிமருந்துக் குழல் ஒன்றே போதும். 10 மி.லி. குழலில் திரவத்தை நிரப்பி, பத்து நொடி ஒழுகவிட்டு எஞ்சியதைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ முழுவதும் ஒழுகிவிட்டால் அது நீர்த்தது; நான்கு முதல் எட்டு மி.லி. எஞ்சினால் இலேசான தடிப்பு. இப்பன்னாட்டுச் சோதனை பார்லித் தண்ணீருக்கும் பருப்பு நீருக்கும் ஒருங்கே பொருந்தும்.

கடுமையான விழுங்கற்குறை ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எனத் தோன்றினால் 72 மணி நேரத்துக்குள் மூக்குவழிக் குழாயில் உணவு தொடங்குவது நன்று என்று ஐரோப்பிய நெறிமுறைகள் கூறுகின்றன. குழாய் இரைப்பையில்தான் உள்ளது என்பதை ஊடுகதிர்ப் படத்தாலோ, இழுத்தெடுத்த நீரின் அமிலத்தன்மையாலோ உறுதிசெய்யாமல் எதையும் ஊற்றுதல் ஆகாது. பல வாரங்கள் தொடர வேண்டியிருந்தால் வயிற்றுச் சுவர் வழியே குழாய் பொருத்தலாம். முதல் சில வாரங்களிலேயே அதற்கு விரைவதை 2005-ஆம் ஆண்டுச் சோதனை ஆதரிக்கவில்லை.

2018-இல் தொடங்கிய போஷண் அபியான் தாய்மாரையும் குழந்தைகளையும் வளரிளம் பெண்களையும் கருதி அமைந்தது. அதே ஆண்டில் வந்த நிக்ஷய் போஷண் திட்டம் காசநோயாளிகளுக்கு உணவுக்கெனத் திங்கள்தோறும் 500 ரூபாய் அளித்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். மூளையைத் தாக்கிய காசநோயால் படுத்திருப்பவரும் இதற்கு உரியவரே. ஆனால் பக்கவாதத்தால் வீழ்ந்த ஐம்பது வயதுக் கூலித் தொழிலாளி இவ்விரண்டிலும் அடங்கமாட்டார். அவருக்குக் கிடைப்பது மருத்துவமனையின் பொது உணவு. அதனை அவரால் விழுங்க முடியாவிடில் அத்தட்டு தொடப்படாமலே திரும்பும். தட்டு திரும்பியதை யாரேனும் எழுதி வைப்பதிலிருந்து வேலை தொடங்கலாம். மூன்று வேளையும் பாதி, கால், முழுமை என்று குறிக்கும் ஒரு தாள் போதும்.

வீடு திரும்பும் நாளில் தரும் சீட்டில் மருந்துகளின் பெயரும் வேளையும் இருக்கும். அதே சீட்டில் அன்றைய எடை, நடுக்கையின் சுற்றளவு, உணவின் தடிப்பு, நாளொன்றுக்குரிய அளவு, குழாய் மாற்ற வேண்டிய தேதி ஆகிய ஐந்தும் இருந்தால், சுந்தர்வனத்திலோ முர்ஷிதாபாத்திலோ உள்ள சுகாதார நிலையச் செவிலியர் அடுத்த திங்கள் அவரைப் பார்க்கும்போது அவர் தேறுகிறாரா, தேய்கிறாரா என்பதை ஓர் அளவுநாடாவைக் கொண்டே சொல்லிவிடுவார்.